பதினைந்தாயிரம் வோல்ட் காணிக்கை

டெம்போவிலிருந்து அந்தப் பெட்டியை இறக்க இரண்டு பேர் போதவில்லை. மூன்றாவது ஆள் ஓடிவந்து அடியில் கை கொடுத்தான்.

ஆம்பூரில், தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆலயத்தின் வாசல் அது. சிமென்ட் இன்னும் ஈர வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் வழக்கமான நாற்றம். மூக்கு பழகிவிட்டால் அதுவும் ஒரு வாசனைதான்.

பெட்டியின் முகப்பு முழுக்க வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து. உப்பு கான்ட்ராக்டர் தங்கராஜின் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி, மகன் பெயர், மருமகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர். கடைசிப் பேரனுக்கு மட்டும் இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருந்தார்கள்.

"எவ்ளோ தெரியுமா கிரேஸம்மா?" என்றார் தங்கராஜ். ஷெட்டுகளுக்கெல்லாம் தோல் பதப்படுத்த உப்பு சப்ளை செய்கிறவர். "பதினஞ்சாயிரம் வோல்ட்டு. மெட்ராஸ்ல இதுக்கு மேல கெடையாதுன்னுட்டான்."

"நான் எழுதிக் குடுத்தது அஞ்சாயிரம் அண்ணே."

"தெரியும். ஜாஸ்தியாவே இருக்கட்டும். சாமிக்குக் குடுக்கறதுல போய் இன்னா கம்மி பண்றது?"

நான் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலை அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

வோல்ட்டுப் பைத்தியம்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் நானும் என் வீட்டுக்காரர் ஜெயபாலும் நியான் விளக்கு போர்டு செய்துகொண்டிருந்தோம். கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வளைப்பது, காற்றை உறிஞ்சி வாயு நிரப்புவது அவர் வேலை. அதற்குக் கரண்ட் கொடுப்பது என் வேலை. நான் படித்தது பத்தாவது. கரண்ட் கற்றது அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில், செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி.

அப்பா ஒன்று சொல்வார்: "வோல்ட்டு கதவைத் தட்டும். உள்ள வந்து அடிக்கிறது ஆம்பியர்தான்." கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நியான் பெட்டியை, அதாவது டிரான்ஸ்பார்மரை, தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவது மாதிரி. பாதத்தை அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். குழாய் எத்தனை நீளம், எத்தனை பருமன், உள்ளே என்ன வாயு, முனையில் இருக்கும் எலக்ட்ரோடு எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று பார்த்து அதற்கேற்ற பெட்டி போட வேண்டும். நீளமான குழாய்க்கு வோல்ட் அதிகம் வேண்டும். குட்டைக் குழாய்க்கு அதைக் கொடுத்தால் அது வெளிச்சமாகாது, சூடாகும்.

இதைச் சொன்னால் ஜனங்கள் தலையாட்டுவார்கள். பிறகு, "அப்போ பெருசே போட்டுடுங்க" என்பார்கள்.

போன வாரம் எழுதினேனே அந்த பிரியாணிக் கடை பாய், அவர் எதிர்க்கடையை விட ஆயிரம் வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "பாய், வோல்ட்டு வெளிய தெரியாது" என்றேன். "எனக்குத் தெரியும் இல்ல?" என்றார்.

ஆம்பூருக்கு என்று தனித் தலைவலிகளும் உண்டு. ஷெட்டுகளில் தோல் உருட்டும் டிரம்கள் ஓட ஆரம்பித்தால் தெருவில் கரண்ட் சுருங்கிவிடும், நியான் எரிய மறுத்துக் கண் சிமிட்டும். பச்சைத் தோல் கிடங்குப் பக்கம் காற்றில் பறக்கும் உப்பு, ஒயரைத் தாங்கும் பீங்கான் மேல் படிந்துவிடும். பனி பெய்தால் உப்பு ஈரமாகி, பீங்கான் மேலேயே நெருப்புப் புழு ஊரும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் போய்த் துடைத்துத் துடைத்துக் கற்றுக்கொண்டது.

கண்ணாடிக்குள் கண்ணாடி

ஆலயத்துக்கு வருகிறேன். பலிபீடத்துக்குப் பின் சுவரில் வேதத்தில் வரும், எரிந்தும் கருகாத முட்செடி கண்ணாடியில் வேண்டும் என்று சபைக் கமிட்டி கேட்டிருந்தது. கிளைகள் எல்லாம் சிவப்பு நியான் குழாய், ஜெயபால் வளைத்தது. நடுவில் ஒரு கண்ணாடி உருண்டை. அந்த உருண்டைதான் இந்த வாரக் கதை.

அதைச் செய்தவர் பொன்னையா அண்ணன். ஆய்வகங்களுக்குக் கண்ணாடிச் சாமான் ஊதிக் கொடுப்பது அவர் தொழில். நாங்கள் வளைக்கும் மெல்லிய கண்ணாடி இல்லை அவருடையது. கனமான, சூடு தாங்கும் கண்ணாடி. பூசணிக்காய் அளவு உருண்டை ஊதி, அதற்குள் கீழிருந்து ஒரு கண்ணாடி விரலை நுழைத்து ஒட்டியிருந்தார். கரண்ட் கம்பி அந்த விரலுக்குள் இருக்கும். வாயு வெளியே, உருண்டைக்குள் இருக்கும். கம்பியும் வாயுவும் தொட்டுக்கொள்ளவே கூடாது. நடுவில் கண்ணாடி.

"இன்னாண்ணே இது, கரண்டு கண்ணாடியத் தாண்டி எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"அது உன் பேஜாரும்மா. நான் ஊதிட்டேன்" என்றார்.

ஜெயபால் நியானும் கொஞ்சம் ஆர்கானும் நிரப்பி, வாயு ஏற்றிய கண்ணாடி மூக்கை உருக்கி மூடினார். பெட்டி தயாரானதும் கூப்பிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லி வைத்தேன். நான் கூப்பிடுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் மனைவி எஸ்தர் சிஸ்டர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து வந்தார். "அந்த உருண்டைய ஆலயத்துக்குக் குடுத்துடறேன் கிரேஸ். அதுக்குப் பெட்டியும் நானே குடுக்கறேன். அவர் பாக்கல. அது எரியணும், அவ்ளோதான்."

அந்த மாதிரி உருண்டை ஊத வேலூரில் வேறு ஆள் இல்லை. உடைந்தால் உடைந்ததுதான்.

டிபன் பாக்ஸ்

சாதாரண நியான் பெட்டியின் கரண்ட் கண்ணாடியைத் தாண்டாது. வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவைதான் திரும்பும். கண்ணாடிச் சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தடவை துடிக்க வேண்டும். எத்தனை வோல்ட் என்பதை விட எத்தனை வேகம் என்பதுதான் இங்கே கேள்வி. எத்தனை வோல்ட் என்று கேட்டவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் இல்லை.

முதலில் மோட்டார் சைக்கிள் இக்னிஷன் காயிலை வைத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று அடித்தது. உருண்டைக்குள் வெளிச்சம் விக்கல் எடுத்தது. அடுத்து, கலர் டிவியில் படக்குழாய்க்கு வோல்ட் கொடுக்கும் காயில். அதற்குள்ளேயே டயோடு வைத்து மூடியிருக்கிறான், கரண்ட் ஒரே திசையில்தான் வரும், உதவாது. கடைசியில் டிவி மெக்கானிக் ஒருவரின் குப்பைப் பெட்டியில் பழைய கறுப்பு வெள்ளை டிவியின் காயில் கிடைத்தது. டயோடு தனியாக இருந்தது, கழற்றிவிட்டேன். ஒரு பெரிய டிரான்சிஸ்டர், அதன் சூடு ஆற ஒரு அலுமினியத் தகடு.

சுவிட்சைப் போட்டதும், உருண்டைக்குள் வேர் விட்ட மாதிரி வெளிச்சம் கிளைத்தது. நடுவில் ஊதா, நுனியில் ஆரஞ்சு. ஜெயபால் டீயைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

எஸ்தர் சிஸ்டருக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. "ஆலயத்துலயே பாத்துக்கறேன்" என்று சொல்லியனுப்பினார்.

மொத்தச் சாமானும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சின்ன அளவுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம் என்று அப்போது தெரியவில்லை.

கை தூக்கி முடிவான கரண்ட்

தங்கராஜின் பெட்டிக்குத் திரும்புகிறேன். கிளைக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டிகள் எழுதிக் கொடுத்திருந்தேன், ஒவ்வொரு குடும்பமும் ஒன்று காணிக்கையாகக் கொடுப்பதாக ஏற்பாடு. அவர் பங்குக்கு ஒரு குட்டைக் கிளை. அதற்குத்தான் இந்தப் பதினைந்தாயிரம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலூர் திரும்பினேன். நான் பஸ் ஏறியதும் அவர் தன் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் போனபோது குட்டைக் கிளையின் முனை கறுத்து, எலக்ட்ரோடு பழுத்து, கண்ணாடி வெடித்து ஆடிக்கொண்டிருந்தது.

சரி, இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். கமிட்டி கூடியது. செயலாளர் சாமுவேல் சார், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். நிதானமானவர்.

"தங்கராஜ் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா" என்றார். "குழாய் சின்னது, தாங்கல. நடுவுல இருக்கிற உருண்டை பெருசு இல்லியா? பெரிய சாமானுக்குப் பெரிய பெட்டி. அது தாங்கும்."

நான் எழுந்து நின்றேன்.

"சார், அந்த உருண்டைக்கு இது சேராது சார். எரியவே எரியாது. எரியலன்னு யாராவது ஒயரத் தொட்டாங்கன்னா ஆளே இருக்க மாட்டாங்க. சண்டே ஸ்கூல் பசங்க ஓடற எடம்."

"அப்போ எஸ்தர் குடுக்கிற டிபன் பாக்ஸ் மட்டும் சேருமா?" என்றார் தங்கராஜ். "நடு எடம் சார் அது. ஆலயத்துக்கே முகம். அங்க போய் சோத்து டப்பாவ வச்சா பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

ஒருவர் இருவர் சிரிக்கவும் செய்தார்கள். எஸ்தர் சிஸ்டர் பின் வரிசையில், டியூட்டிக்குப் போகும் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றார் சாமுவேல் சார்.

விட்டார்கள். கரண்ட் எப்படிப் போக வேண்டும் என்பதைக் கை தூக்கி முடிவு செய்த சபையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தங்கராஜுக்குத்தான் ஜாஸ்தி கை.

பஸ் ஸ்டாண்ட் வரை ஜெயபாலிடம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு வோல்ட்டு கேக்கல கிரேஸ். ஜனங்க பாக்கிற எடம் கேக்கறாரு" என்றார்.

அப்படியே திரும்பினோம். தங்கராஜ் தன் கிடங்கு வாசலில் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"அண்ணே, உள்ள வச்சா ஞாயித்துக்கிழமை வர்றவங்க மட்டும்தான் பாப்பாங்க. கோபுரத்து உச்சியில ஆள் உயரத்துக்கு மேல பெரிய சிலுவை வச்சா? சுத்திச் சுத்திக் குழாய் ஓடும். அவ்ளோ நீளத்துக்கு உங்க பெட்டி மாதிரி ஒன்னுதான் வேணும். வேற எதுவும் தாங்காது."

பொய் இல்லை. அந்தப் பெட்டிக்கு அது சரியான அளவுதான்.

அவர் ரயில் பாதை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரயில்ல போறவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெங்களூர் போறவனுக்கும், வர்றவனுக்கும்?"

"ரெண்டு பக்கமும் தெரியும் அண்ணே."

"அப்போ உருண்டைய அந்தம்மா பாத்துக்கட்டும்" என்றார். "ஆனா எம்பெட்டி பவனில முன்னாடி போகணும்."

அந்தச் சிலுவைக்குத் தடித்த எலக்ட்ரோடுகள் தேடி ஜெயபால் மெட்ராஸுக்கு அலைந்தது தனிக் கதை. வெடித்த குட்டைக் கிளையையும் அவரே மறுபடி வளைத்து, கடையில் இருந்த ஒரு சின்னப் பெட்டியை அதற்கு ஒதுக்கினோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உருண்டை பிழைத்தது என்று நினைத்தேன்.

பெயர் எழுத இடம்

ரெண்டு நாள் கழித்து எஸ்தர் சிஸ்டர் டியூட்டி முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். கையில், முந்தின நாள் வாங்கிப் போயிருந்த அந்த டிபன் பாக்ஸ். மேஜை மேல் வைத்தார்.

"எனக்கும் பெருசா வேணும் கிரேஸ்."

நான் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஊர் முழுக்க ஒரே வியாதி, கடைசியில் நர்ஸுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

"சிஸ்டர், நீங்களுமா? எத்தினி பேர்கிட்ட சண்ட போட்டு வாங்கினது இது? அந்த உருண்டைக்கு இதான் அளவு. பெருசு குடுத்து அண்ணன் செஞ்சது போய்டுச்சின்னா யார் வந்து ஊதுவா?"

"கரண்டு பெருசா வேணும்னு யார் கேட்டா?"

"பின்ன?"

"பெட்டி பெருசா வேணும். இதுல அவர் பேர் எழுத எடம் எங்க இருக்கு? பெயின்ட்டர்கிட்ட குடுத்தேன். 'பொன்'னு எழுதறதுக்குள்ள மூடி முடிஞ்சிடுது. சின்னதா எழுதினா ஸ்குரூ மேல ஏறுது."

நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

"தங்கராஜ் வீட்டுல பேரப்பசங்க பேரு வரைக்கும் இருக்கு" என்றார் மெதுவாக. "எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. எழுதறதுக்கு இருக்கிறது அவர் பேர் ஒன்னுதான்."

பழைய மின்சார பேனல் பெட்டி ஒன்று, அலமாரி அளவில், ஆனால் மெல்லிய தகட்டில், கடைப் பின்புறம் கிடந்தது. துரு தேய்த்து, சாம்பல் நிறம் அடித்து, உள்ளே ஒரு மூலையில் டிபன் பாக்ஸ் சாமானைப் பூட்டினேன். மீதி எல்லாம் காற்று.

முகப்பில் பெயின்ட்டர் நிதானமாக எழுதினார். பொன்னையா. கண்ணாடிக் கலைஞர். தேதிகள். எஸ்தர். அவ்வளவு எழுதியும் இடம் மிச்சம் இருந்தது.

எரிச்சலோடு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டிபன் பாக்ஸில் இருந்தவரை, உருண்டையை எரித்துப் பார்க்கும்போதெல்லாம் கடை ரேடியோவில் வண்டு பறக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இரும்புப் பெட்டிக்குள் போட்டு எர்த் கொடுத்ததும் வண்டு பாதியாகிவிட்டது. டிரான்சிஸ்டரும் பழைய சூடு போடவில்லை. நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ரெண்டு தொல்லைக்கும் மருந்து அந்தம்மாவின் பிடிவாதத்தில் இருந்தது. யாரைப் போய்த் திட்டுவது?

பவனி

பிரதிஷ்டை ஆராதனை சாயங்காலம். சபை வழக்கப்படி காணிக்கைப் பொருள்களைப் பவனியாக எடுத்து வந்து பலிபீடத்தில் படைத்துவிட்டு, பிறகுதான் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். விளக்கு, துணி, மணி, வேதப்புத்தகம். அவற்றோடு டிரான்ஸ்பார்மர்கள்.

தங்கராஜின் பெட்டி முதலில் வந்தது. நான்கு பேர், கழுத்து நரம்பு புடைக்க. சபை பயபக்தியோடு பார்த்தது. அந்த எடையில் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது, நான் மறுக்கவில்லை.

அடுத்து எஸ்தர் சிஸ்டருடையது. முதல் பெட்டியைத் தூக்கிய ஆட்களில் இரண்டு பேரே மறுபடியும் குனிந்தார்கள். அளவைப் பார்த்து மூச்சை இழுத்துப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் ஒரு தூக்கு.

பெட்டி தலைக்கு மேல் போய்விட்டது.

பிடித்துக்கொண்டார்கள், நல்லவேளை. ஒருவர் தடுமாறிப் பாடகர் குழுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தங்கராஜ் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்ள ஒன்னுமே இல்லியா?"

"இருக்குங்க" என்றார் எஸ்தர் சிஸ்டர். "வெய்ட்டு இல்ல, அவ்ளோதான்."

பெட்டியைச் சுவரோரம் வைத்து நான் ஒயரை மாட்டினேன். கிளைகளின் சின்னப் பெட்டிகளுக்கும் மாட்டி முடித்தேன். கடையில் எத்தனையோ தடவை எரிந்த உருண்டைதான். ஆனாலும் ஆம்பூர் கரண்டை நம்ப முடியாது. டிரம் ஓடுகிற நேரம் வேறு. போதகர் ஜெபித்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

கிளைகள் சிவப்பாகப் பற்றின. உருண்டை இருட்டாகவே இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். என் முதுகுக்குப் பின்னால் தங்கராஜ் தொண்டையைக் கனைத்தார். பிறகு கண்ணாடி விரலிலிருந்து மெல்லிசாக ஒரு இழை கிளம்பி, இன்னொன்று, இன்னொன்று என்று உருண்டை நிறைந்தது. பாடகர் குழு பாட்டை எடுத்தது.

ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். "எத்தினி வோல்ட்டு?" என்று ஒருவர் என் காதில் கேட்டார். அடுத்தவரும் கேட்டார். சாமுவேல் சாரும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "போதுமான அளவு சார்" என்றேன்.

எஸ்தர் சிஸ்டர் கடைசியாக வந்தார். உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தார். மற்றவர்கள் மாதிரி விரலால் தொடவில்லை. காய்ச்சல்காரர் நெற்றியைப் பார்ப்பது போலப் புறங்கையைக் கண்ணாடி மேல் வைத்தார். உள்ளே அலைந்துகொண்டிருந்த இழைகள் எல்லாம் திரும்பி அந்தப் புறங்கைக்கு அடியில் வந்து கூடின.

"சூடு இல்ல கிரேஸ்" என்றார். "வெதுவெதுன்னு இருக்கு. நார்மல்தான்."

பாட்டு முடிந்தது. போதகர் அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைத் திறந்து, சிஸ்டரைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார். பாடகர் குழு முதல் சரணத்தை மறுபடியும் எடுத்தது. சிஸ்டர் கையை எடுக்கவில்லை.